அப்பா ரிப்போர்ட்ல கேண்டிடா ஆரிஸ்னு வந்திருக்கு, என்ன பண்றது?

தம்பி, அப்பா பத்து நாளா ஐசியூல இருக்கார், இந்தப் பூஞ்சைக்கு ஃப்ளுகோனசோல்ங்கிற பூஞ்சை மருந்து கேக்கலன்னு ரிப்போர்ட், வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா குழந்தைக்கு ஒட்டுமான்னு கேட்டிருக்கீங்க. நான் ஐசியூ நர்ஸ், தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல பயந்துடாதீங்க, இந்தப் பூஞ்சை பெரும்பாலும் ஃப்ளுகோனசோலுக்கு அடங்காது, அதனால மருந்தே இல்லன்னு அர்த்தம் இல்ல, காஸ்போஃபஞ்சின், மைக்காஃபஞ்சின் மாதிரி ஊசி மருந்துகள் இருக்கு, நிறைய பேருக்கு அதான் முதல்ல போடுவாங்க. டாக்டர்கிட்ட ஒண்ணு மட்டும் தெளிவா கேளுங்க, இது ரத்த கல்ச்சர்ல (ரத்தத்துல கிருமி வளருதான்னு பார்க்கிற டெஸ்ட்) வந்துச்சா இல்ல அக்குள் தொடையிடுக்குல பஞ்சுக்குச்சியால துடைச்சு எடுத்த ஸ்வாப்லயா? தோல்ல சும்மா ஒட்டிட்டு இருந்தா பொதுவா மருந்தே தர மாட்டாங்க, ரத்தத்துல இருந்தாதான் அவசரம், அப்போ கழுத்து ரத்தக்குழாய்ல மருந்து ஏத்தப் போட்ட லைனை (குழாயை) எடுக்கலாமான்னும் கேட்டுடுங்க.

2009ல ஜப்பான்ல ஒரு பாட்டியோட காதுலேர்ந்து எடுத்துதான் இதுக்குப் பேரே வச்சாங்க, ஆரிஸ்னா லத்தீன்ல காது. கட்டில் கம்பி, பிபி பார்க்கிற பட்டைன்னு வாரக்கணக்கா உயிரோட கிடக்கும், சாதாரண ஃபினாயில் போதாது, குளோரின் கலந்த ப்ளீச்சிங்தான் வேணும். எங்க வார்டுல பெட்டுக்கு பெட்டு ஒரே பிபி பட்டையைத் தூக்கிட்டுப் போறதைப் பார்த்து நானே சண்டை போட்டிருக்கேன்.

வீட்ல ஆரோக்கியமா இருக்கிற குழந்தைக்கு ரிஸ்க் ரொம்பக் கம்மி, அப்பாவைத் தொட்டுட்டு கை கழுவுங்க, துண்டு தனியா வைங்க. நாளைக்கு வேற ஆஸ்பத்திரிக்குப் போனா சேரும்போதே இதைச் சொல்லிடுங்க, மறைக்காதீங்கப்பா, பக்கத்து பெட்லயும் யாரோட அப்பாவோதான் படுத்திருப்பார்.