மொட்டைமாடியில் ஓர் ஆன்டெனா – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் எலக்ட்ரானிக்ஸ் இரண்டாமாண்டு படிக்கிறாள். கல்லூரியில் சீனியர் ஒருவரைப் பார்த்துவிட்டு, ஹாம் ரேடியோ (தனிமனிதர்கள் அரசு லைசென்ஸோடு ஆர்வத்துக்காக நடத்தும் ரேடியோ தொடர்பு) தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கப்போகிறேன், மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டவேண்டும் என்கிறாள். எனக்கு மறுப்பில்லை. ஆனால் வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்விக்குத்தான் என்னிடம் பதிலில்லை: கையில் செல்போன் இருக்கும்போது இது எதற்கு? சுனாமி சமயத்தில் உதவியதே என்று சொல்லிப்பார்த்தேன். "அதற்கு அரசாங்கத்திடம் சாட்டிலைட் போன் இருக்கிறது" என்று என் மைத்துனர் ஒரே வரியில் முடித்துவிட்டார். முன்பின் தெரியாத ஆட்களோடு பெண்பிள்ளை பேசுவதா என்று என் மனைவிக்குக் கவலை. இதனால் அவளுக்கு என்ன கிடைக்கும்? நிறையச் செலவாகுமா?

வி., ஈரோடு

அன்புள்ள வி.,

மைத்துனரிடம் நீங்கள் சொன்னது கதையின் பின்பாதி. முன்பாதியையும் சொல்லுங்கள்.

2004 டிசம்பரில், சுனாமி வந்தபோது, அந்தமானின் போர்ட் பிளேரில் ஹாம்கள், அதாவது ஹாம் ரேடியோ இயக்குபவர்கள், எதற்காக இருந்தார்கள்? பேரிடர் உதவிக்காகப் போனவர்களில்லை அவர்கள். அந்தமானிலிருந்து ஹாம் ரேடியோ இயக்கப் பல ஆண்டுகளாக யாருக்கும் அனுமதி கிடைக்கவில்லை. எத்தனை நாடுகளோடும் தீவுகளோடும் பேசினோம் என்று பட்டியல் வைத்திருப்பது உலகெங்கும் ஹாம்களின் வழக்கம். அந்தமான் நிலையங்களின் பெயர் தொடங்கும் 'வியு 4' (VU4) என்ற குறி ஏராளமானோரின் பட்டியலில் காலியிடமாகவே இருந்தது. டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் விடாமல் முயன்று அனுமதி பெற்று, ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழுவோடு அங்கே போனார். ஆன்டெனா கட்டினார்கள். உலகமே அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. 26ஆம் தேதி காலை நிலம் ஆடியது, கடல் உள்ளே வந்தது. தொலைபேசிகள் அடங்கிப்போன நேரத்தில், தூரத்து ஆட்களோடு பேசும் ஆசைக்காகக் கொண்டுபோன அதே கருவிகள் வழியாகத் தீவின் செய்திகள் பெருநிலத்துக்குப் போயின. உறவினரைத் தேடியவர்களுக்கான தகவல்களும் போயின.

ஆசை இல்லாதிருந்தால் ஆன்டெனாவும் இருந்திருக்காது. அதனால் பேரிடரைக் காட்டி இந்த ஆசைக்கு நியாயம் கற்பிக்க வேண்டியதில்லை என்றே நான் நினைக்கிறேன். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ரேடியோ விதிகள் இந்தச் சேவையை வரையறுக்கும்போது முதலில் சொல்வது சுயமாகப் பயிற்சி பெறுவதை. பிறகு ஒருவரோடொருவர் தொடர்பு, தொழில்நுட்ப ஆராய்ச்சி. எல்லாம் சொந்த ஆர்வத்தால், பண நோக்கமில்லாமல். கம்பெனிகள் கோடிக்கணக்கில் ஏலம் கேட்கும் அலைவரிசைகளில் ஒரு பங்கை, கற்றுக்கொள்வதற்கும் பேசுவதற்கும் சோதித்துப்பார்ப்பதற்கும் சாதாரண மனிதர்களுக்கென்று உலக நாடுகள் எடுத்து வைத்திருக்கின்றன. உங்கள் மகள் கேட்பது அதில் அவளுக்குள்ள பங்கைத்தான்.

அந்தப் பங்கு எப்படி வந்தது என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். 1912இல் அமெரிக்கச் சட்டம் அமெச்சூர்களை (ஹாம்களின் இன்னொரு பெயர்) 200 மீட்டரும் அதற்குக் குறைவுமான அலைநீளங்களுக்குத் தள்ளியது. நீண்ட அலைதான் தூரம் போகும், குறுகிய அலை எதற்கும் உதவாது என்பது அன்றைய நிபுணர்களின் எண்ணம். ஒதுக்கப்பட்டவர்கள் கிடைத்த இடத்தில் சோதித்துப் பார்த்தபடி இருந்தார்கள். 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரிலிருந்து லியோன் டெலாய், கனெக்டிகட்டில் இருந்த ஃபிரெட் ஷ்னெல்லோடு சுமார் 110 மீட்டர் அலையில் அட்லாண்டிக்கைத் தாண்டி இருவழியாகப் பேசினார். பேச்சு என்றால் புள்ளியும் கோடுமாகத் தட்டும் மோர்ஸ் குறிகள்தான். அலையைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம் (மேல்வானில் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்குகள்) இருப்பதை பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஆப்பிள்டன் சோதனையால் நிறுவியது அதற்கு அடுத்த ஆண்டு தொடங்கிய வேலை. அதற்காக அவருக்கு 1947இல் நோபல் பரிசு. விளக்கம் உறுதியாகும் முன்பே அமெச்சூர்கள் கடலைத் தாண்டிவிட்டார்கள்.

நம் ஊரிலும் இதற்கு வேர் உண்டு. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்ற பொறியாளரின் முயற்சியில் சென்னை மாகாண ரேடியோ கிளப் உருவாகி, அதே ஆண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பியது. அகில இந்திய வானொலி அப்போது பிறக்கவேயில்லை. 1927இல் பணமில்லாமல் கிளப் நின்றது. அதன் கருவிகளை வாங்கிக்கொண்டுதான் சென்னை மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடங்கியது.

இனி செல்போன். அது எந்நேரமும் வேலை செய்கிறது, அதனால் அதன் உள்ளே நடப்பதைப் பற்றி நாம் நினைப்பதேயில்லை. ஹாம்களுக்கான அலைவரிசைகளில் ஒன்றான 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் நடுப்பகலில் அவள் அழைத்தால் சில நூறு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் கிடைப்பார்கள். அயனி மண்டலத்தின் கீழ்ப்பகுதியில் சூரிய ஒளியால் உண்டாகும் 'டி' அடுக்கு அலையை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரையும். மேலேயிருக்கும் 'எஃப்' அடுக்கு அலையைத் திருப்பி அனுப்ப, பக்கத்து ஊர்க்காரர்கள் மங்கி, தூரதேசத்து ஆட்கள் மேலெழுவார்கள். 14 மெகாஹெர்ட்ஸில் கதை வேறு. 28 மெகாஹெர்ட்ஸில் சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் உலகமே திறக்கும், குறைந்த ஆண்டுகளில் கதவு சாத்தியே கிடக்கும். இது ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சி. பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கத்தில் படித்து மறந்துபோகும் விஷயம், தினமும் மாலையில் அவள் காதுக்குள் நடக்கும். இவ்வளவு எளிய கருவியை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய இயற்கையைத் தொடுவதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

செலவு பற்றிக் கேட்டீர்கள். எவ்வளவும் செய்யலாம், ஆனால் தேவையில்லை. 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஆன்டெனா என்றால் மொத்தம் சுமார் 20 மீட்டர் செம்புக்கம்பி, நடுவில் வெட்டி இரண்டு பத்து மீட்டராக. அதோடு ஆன்டெனாவைச் செட்டோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிள், நைலான் கயிறு. செட்டுக்கு ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற, நாமே செய்துகொள்ளக்கூடிய ரேடியோ செட் இருக்கிறது. நம் கடைகளில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே செய்ய வேண்டும் என்பதற்காக, காயில் சுற்ற டொராய்டு எனப்படும் விலையுயர்ந்த வளையங்களுக்குப் பதிலாகத் தண்ணீர்க்குழாய் வாஷர்களைப் பயன்படுத்தினார். எலக்ட்ரானிக்ஸ் மாணவி அதை ஒருமுறை சால்டர் செய்து, அது வேலை செய்யாமல்போய், ஏன் என்று தேடிக் கண்டுபிடித்தாலே போதும், ஒரு செமஸ்டர் லேபைவிட அதிகம் கற்பாள். 2005 மே 5 அன்று இஸ்ரோ அனுப்பிய ஹாம்சாட் செயற்கைக்கோளில் இருந்த இரண்டு டிரான்ஸ்பாண்டர்களில் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகள்) ஒன்றை உருவாக்கியவர் நெதர்லாந்தின் ஒரு பொறியியல் மாணவர், அவரும் ஒரு ஹாம். இதையும் அவளிடம் சொல்லிவையுங்கள்.

எதையும் வாங்கும் முன் அவள் நிறையக் கேட்கட்டும். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் வைத்திருக்கும் ரிசீவரை இணையம் வழியாக யார் வேண்டுமானாலும் டியூன் செய்து கேட்கலாம். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: லைசென்ஸும், அதோடு அரசு தரும் அழைப்புப் பெயரான கால்சைனும் கையில் வரும்வரை ஒலிபரப்பு பட்டனைத் தொடக்கூடாது. லைசென்ஸ் தேவைப்படும் வாக்கிடாக்கி ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி அழுத்திப் பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன், அது குற்றம்.

உங்கள் மனைவியின் கவலை நியாயமானது. ஆனால் ஹாம் ரேடியோவில் தனிப்பேச்சு கிடையாது. பேசுகிறவர் ஒவ்வொருவரும் அரசிடம் பதிவான கால்சைனைச் சொல்லித்தான் பேசவேண்டும். ரகசியக் குறிமொழிக்கு அனுமதியில்லை, வியாபாரப் பேச்சும் கூடாது. அந்த அலைவரிசையில் இருக்கும் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். முறைதவறி ஒருவர் பேசினால் பெரும்பாலும் மூத்தவர் யாராவது குறுக்கிட்டுக் கண்டிப்பார். அவள் போனில் இருக்கும் எந்தச் செயலியிலும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அம்மாவும் ஒரு மாலை பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கம்பம் நிறுத்த இரண்டு பேர் வேண்டும். கம்பமோ கம்பியோ சாய்ந்தால்கூட மின்வாரியக் கம்பியைத் தொடாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வானம் கறுக்கும்போதே, இடி கேட்கும் முன்பே கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள், உங்கள் மைத்துனர் உட்பட.

அன்புடன்.