பழைய ஜிப்சிக்கு லிஃப்ட் அவசரமில்லை

வணக்கம் நண்பரே. உங்கள் 1998 மாருதி ஜிப்சி மேடுபள்ளத்தில் குறுக்காக எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு சக்கரத்தைச் சும்மா சுற்றுகிறது, செங்குத்து ஏற்றத்தில் இன்ஜின் அணைகிறது. அதனால் லிஃப்ட்டும் (வண்டியை உயர்த்தும் சஸ்பென்ஷன் மாற்றம்) 31 அங்குல டயரும் போடலாமா என்கிறீர்கள். இரண்டுக்கும் அது மருந்தில்லை.

இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் இதில் சாதாரண வகை, பிடிப்பில்லாத சக்கரத்துக்கே சுழற்சியைக் கொடுத்துவிடும். வண்டியோ ஒரு டன் அளவுதான்; துருவேறிய லீஃப் ஸ்பிரிங் (அடுக்குப் பட்டை ஸ்பிரிங்) அதற்கு ரொம்ப விறைப்பு, சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தரையைத் தொடாது. பட்டைகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதன் முனைகளில் உள்ள புஷ் (ரப்பர் உறை), ஷேக்கிள் (அசையும் இணைப்பு) மாற்றுங்கள். கரடுமுரடான போட்டித் தடத்தில் டயர் காற்றழுத்தத்தை 15 பிஎஸ்ஐ வரை இறக்கலாம், தார்ச்சாலைக்கு வருமுன் மறக்காமல் ஏற்றிவிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பின் ஆக்சிலுக்கு லாக்கர், அதாவது இரு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் பூட்டு.

இன்ஜின் அணைவது பெரும்பாலும் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் வேலை. வண்டி சாயும்போது அதன் ஃப்ளோட் அறையில் (மிதவை உள்ள சிறு தொட்டி) பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கும். ஃப்ளோட் மட்டம், பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வு பாருங்கள்.

பெரிய டயர் லோ கியரின் இழுவையைத்தான் தின்னும், பவர் இல்லாத ஸ்டீயரிங்கில் கையும் கழன்றுவிடும். அந்தக் காசில் ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் கூண்டு), நல்ல சீட் பெல்ட், சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) போல்ட் போட்ட இழுவைக் கொக்கிகள் வாங்குங்கள். பம்பரில் கயிறு கட்ட வேண்டாம்.