ஆயுள் முழுக்க ஆராய அதிலை என்ன இருக்கு?

கேள்வி: மகள் கம்பஸிலை மெய்யியல் படிக்கிறா. சமய மெய்யியலிலை மேல படிச்சு அதையே தொழிலாச் செய்யப்போறன் எண்டு நிக்கிறா. சாமியை நம்பினாக் கும்பிடவேணும், நம்பாட்டி விடவேணும், ஆயுள் முழுக்க ஆராய்ஞ்சு சம்பளம் எடுக்கிறதும் ஒரு வேலையோ? (ஒரு தகப்பன், கொக்குவில்)

பதில்: ஐயா, சம்பளத்தை நினைச்சுப் பயப்பிட்டா அது ஞாயம், விரிவுரையாளர் இடங்கள் குறைவு, கனகாலம் காத்திருக்கவேணும். ஆனா நீங்கள் கேட்டது இது ஒரு வேலையோ எண்டு. அதைத்தான் என்னாலை ஒத்துக்கொள்ள ஏலாது.

ஜோன் ஹிக் எண்டு ஒரு இங்கிலாந்துக்காரர், 1922இலை பிறந்தவர். சட்டம் படிக்கேக்கை கிறிஸ்தவத்திலை தீவிரமா இறங்கி, போதகராயும் இருந்து, பிறகு மெய்யியல் பேராசிரியரா வந்தவர். அமெரிக்காவிலை பிரின்ஸ்டனிலை படிப்பிக்கேக்கை, யேசு கன்னி மரியாளிட்டைப் பிறந்தவர் எண்டுற கன்னிப் பிறப்பை உறுதியாச் சொல்ல மாட்டன் எண்டு நிண்டதாலை சபைக்குள்ளை பெரிய பிரச்சினை. 1967இலை இங்கிலாந்திலை பர்மிங்ஹாமுக்குப் போனார், அந்த ஊரிலை முஸ்லிம், சீக்கியர், இந்து, யூதர் எல்லாரும் இருந்தவை, மனுசன் புத்தகத்தோட மட்டும் இருக்கேல்லை, பள்ளிவாசல், குருத்துவாரா, கோயில் எண்டு போய் அவை கும்பிடேக்கை பக்கத்திலை இருந்து பாத்தார், தன்ர தேவாலயத்திலை நடக்கிறதுதானே இஞ்சையும் நடக்குது எண்டு பட்டிட்டுது. கிறிஸ்தவத்துக்கு வெளியிலை மீட்சியில்லை எண்டு முந்தி நம்பினதையே திருப்பி யோசிச்சு 1989இலை பெரிய புத்தகமாக் கொண்டுவந்தார். எதிர்ப்பு கனக்க வந்தது, 2012இலை சாகுமட்டும் அந்தக் கருத்தை விடேல்லை. அக்கறையில்லாத ஆள் இவ்வளவு மினக்கெடுவாரோ?

உது வெள்ளைக்காரற்றை பழக்கம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. சிவஞானசித்தியார் எண்ட சைவ சித்தாந்த நூலிலை, மற்றக் கொள்கைக்காரரை மறுக்கிற பரபக்கம் எண்ட பகுதியிலை 14 கட்சிக்காரற்றை வாதம் கிடக்கு, ஒவ்வொண்டையும் சொல்லிப்போட்டுத்தான் மறுப்பு. சித்தியாருக்கு உரை எழுதின ஞானப்பிரகாசர் ஆர்? எங்கட யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியார், உங்கட மகள் படிக்கிற கம்பஸ் இருக்கிற அதே ஊர். என்ர பெரியையா திண்ணையிலை இருந்து பரபக்கம் படிக்கேக்கை, கடவுளே இல்லை எண்டுற லோகாயதன்ர பகுதியைத் தானே அந்தக் கட்சிக்காரன் மாதிரி உரத்துப் படிப்பார், நெத்தி நிறைய விபூதி. ஏன் இப்பிடி எண்டு கேட்டன். "அவன்ர பக்கத்தை ஒழுங்காச் சொல்லாம என்னத்தை மறுக்கிறது?" எண்டார்.

இண்டைக்குப் பின்னேரம் மகளோட இருந்து அந்த லோகாயதன் பகுதியைப் படிச்சுப்பாருங்கோ. அவனுக்கு உங்கட மறுப்பு என்ன எண்டு அவ கேட்டா, நீங்கள் என்ன சொல்லுவியள்?