பாடத்தில் ஒன்று, ஜீனோம் பிரவுசரில் வேறு: எது சரி?

கேள்வி: அரிவாள் செல் சோகைக்குக் காரணமான ஆர்எஸ்334 (மாற்றத்தின் பதிவு எண்) மாற்றத்தை என்செம்பிள் என்ற இணைய ஜீனோம் பிரவுசரில் தேடினேன். அடினின் தைமினாகிறது, 6-வது அமினோ அமிலம் மாறுகிறது என்றுதான் படித்திருக்கிறேன். பிரவுசரிலோ தைமின் அடினினாகிறது, 7-வது அமினோ அமிலம் என்று இருக்கிறது. பழைய ஆய்வுக் கட்டுரையில் உள்ள இட எண்ணும் பொருந்தவில்லை. எது தவறு?

பதில்: எதுவுமே தவறில்லை. முதலில் இட எண். மனித ஜீனோமின் மேற்கோள் வரிசையான ஜிஆர்சிஎச்38 தொகுப்பில் இது 11-வது குரோமோசோமில் 5227002. பழைய ஜிஆர்சிஎச்37-ல் 5248232. இடம் ஒன்றுதான். தொகுப்பின் பெயர் சேராத இட எண்ணை எங்கும் எழுதாதீர்கள். ஒரு தொகுப்பின் எண்ணை இன்னொன்றுக்கு மாற்றிப் பார்க்க, யூசிஎஸ்சி என்ற மற்றொரு ஜீனோம் பிரவுசரின் லிஃப்ட்ஓவர் கருவி போதும்.

பலரும் தடுமாறுவது இழையில்தான். டிஎன்ஏவின் இரு இழைகளில், இந்த மாற்றம் நிகழும் எச்பிபி ஜீன் (ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கானது) எதிர் இழையில் இருக்கிறது. என்செம்பிளில் நடுவே ஓடும் நீலப் பட்டைக்குக் கீழே அது வரையப்பட்டிருப்பதைக் கவனியுங்கள், அதுதான் அடையாளம். பிரவுசர் மாற்றத்தை முன் இழையின் எழுத்துகளில் காட்டுகிறது, பாடமோ ஜீன் வாசிக்கப்படும் திசையில் சொல்கிறது. ஜீனின் திசையில் ஜிஏஜி, ஜிடிஜி ஆகிறது (ஏ அடினின், டி தைமின், ஜி குவானின், சி சைட்டோசின்; எதிரெதிர் இழைகளில் ஏ-வுக்கு டி-யும் ஜி-க்கு சி-யும் இணை). அதே மூன்று எழுத்துகள் முன் இழையில் சிடிசி. அது சிஏசி ஆகிறது. நடு எழுத்தை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். யூசிஎஸ்சியில் ரிவர்ஸ் பொத்தானை அழுத்தினால் படமே திரும்பிக்கொள்ளும்.

6, 7 விவகாரம் எளிது. முதலில் வரும் மெத்தியோனின் பிற்பாடு வெட்டப்படுவதால் பழைய எண்ணிக்கை அதைச் சேர்க்கவில்லை. இன்றைய பெயரிடும் முறை சேர்க்கிறது. இரண்டிலும் குளுட்டாமிக் அமிலம்தான் வாலினாகிறது.

இட எண்ணில் ஒன்று பிசகினாலும் கதை மாறிவிடும். பக்கத்து 5227003-ல் சைட்டோசின் தைமினானால், அதே அமினோ அமிலம் லைசினாகிறது. அது ஹீமோகுளோபின் சி, வேறொரு நிலை.

இவ்வளவு தூரம் வந்தவர் என்செம்பிளின் பாப்புலேஷன் ஜெனிடிக்ஸ் பக்கத்தையும் திறந்து பாருங்கள். பல நாட்டு மக்களின் ஜீனோம்களைப் படித்த 1000 ஜீனோம்ஸ் திட்டத்தின் ஆப்பிரிக்கக் குழுக்களில், ஜீன் பிரதிகளில் சுமார் 10 சதவீதத்தில் இந்த மாற்றம் உண்டு. கிழக்காசியக் குழுக்களில் இல்லவே இல்லை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வரும் ஒற்றைப் பிரதி கடும் மலேரியாவிலிருந்து காப்பதால் வந்த வேறுபாடு இது. ஆகவே உலகச் சராசரியை வைத்து 'அரிது' என்று முடிவுகட்டாமல், குழுவாரியாகப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.