நாயக்கர் மகாலைப் பாத்தவங்களுக்கு இங்கிலாந்து அரண்மனைல என்ன இருக்கு?

கேள்வி: மகன் இங்கிலாந்துல இருக்கான், டிசம்பர்ல வாம்மா, சாட்ஸ்வொர்த் ஹவுஸ்னு பழைய அரண்மனை, கிறிஸ்துமஸுக்கு ஜோடிச்சிருப்பாங்கங்கிறான். நம்ம மகாலை விடவா?
- வாசகி, செல்லூர்

பதில்: போயிட்டு வாங்கக்கா! 1636ல கட்டின நம்ம மகால்ல தூணும் சுதை வேலையும்தான், சாமான் கிடையாது, குடியிருக்கிறது புறாதான். அங்க டெவன்ஷயர் டியூக்ங்கிற பிரபு குடும்பம் இன்னும் அந்த வீட்லயே இருக்கு, ஓவியம், பழைய நாற்காலி எல்லாம் அப்படியே வச்சு நடுவுல கிறிஸ்துமஸ் மரத்தை நிறுத்தி வருஷத்துக்கு ஒரு தீம்ல ஜோடிப்பாங்க. இந்த மரமே ஜெர்மனி பழக்கம்தான், 1848ல விக்டோரியா ராணி குடும்பம் மரத்தைச் சுத்தி நிக்கிற படம் பத்திரிகைல வந்தப்புறம்தான் இங்கிலாந்துல வீட்டுக்கு வீடு பரவுச்சு. டிக்கெட்டை முன்னாடியே ஆன்லைன்ல போடச் சொல்லுங்க, சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிரும், குளிருக்கு நம்ம ஊரு சால்வையெல்லாம் பத்தாதுக்கா.