ரேடியேஷன் முடிந்து வெகுநாள் கழித்து மார்பில் அதே இடத்தில் பழுப்புப் புள்ளிகள் வந்தால், புற்றுநோய் திரும்பிவிட்டது என்று அர்த்தமா?

கேட்டது உங்களுக்காகவா, அம்மாவுக்காகவா தெரியவில்லை. யாருக்காக இருந்தாலும் இந்நேரம் தூக்கம் போயிருக்கும். புற்றுநோய்தான் திரும்பியிருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் பயாப்ஸி (துளி சதை எடுத்துச் சோதிப்பது) எடுக்காமல் 'ஒன்றுமில்லை' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எனக்கு இடது மார்பில் ஆபரேஷன் முடிந்து கரண்ட், அதாவது ரேடியேஷன், வைத்தார்கள். தோல் கறுத்தது, உரிந்தது, ஆறியது. வருஷம் தாண்டி, மிளகு அளவில் செம்பழுப்புப் புள்ளிகள். கரண்ட் வைப்பதற்கு மையால் கோடு போடுவார்களே, அந்தக் கட்டத்துக்குள் மட்டும்! வெந்நீர் பட்டாலோ உள்ளாடைப் பட்டி உரசினாலோ அப்படி ஓர் அரிப்பு.

தோல் டாக்டர் பேனாவின் மழுங்கிய முனையால் ஒரு புள்ளியைத் தேய்த்துவிட்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். சீட்டு எழுதி முடிப்பதற்குள் அந்த இடம் சிவந்து தடித்துவிட்டது. பக்கத்துத் தோலில் ஒன்றுமே இல்லை. "இதற்கு டாரியர் அறிகுறி என்று பேரும்மா" என்றார். தோலில் மாஸ்ட் செல்கள் (அலர்ஜியில் வேலை செய்யும் செல்கள்) அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கின்றன, தேய்த்தால் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. பயாப்ஸியிலும் மாஸ்டோசைட்டோசிஸ், அதாவது இந்தச் செல்கள் மிகையாகச் சேரும் நோய், என்றே வந்தது. கரண்ட் பட்ட இடத்தில் மட்டும் இது வருவது ரொம்ப அபூர்வம். மருத்துவ இதழ்களில் ஒருவர், இருவர் என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

பெரியவர்களுக்கு வந்தால் தோலோடு நிற்காமல் எலும்பு மஜ்ஜை வரை போயிருக்கலாம் என்பதால், ரத்தத்தில் டிரிப்டேஸும் (மாஸ்ட் செல்கள் விடும் ஒரு பொருள்) பார்ப்பார்கள். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமைத் தாண்டினால் மேற்கொண்டு தோண்டுவார்கள். எனக்கு அவ்வளவு இல்லை. அலர்ஜி மாத்திரையில் அரிப்பு அடங்கிவிட்டது, புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. வலி மாத்திரை, மயக்க மருந்து எது கொடுப்பதானாலும் முன்கூட்டியே இதைச் சொல்லச் சொன்னார்கள். சிலருக்கு அவையும் இந்தச் செல்களைத் தூண்டிவிடுமாம்.

நான் டாக்டர் இல்லை, என் உடம்புக்கு நடந்ததைச் சொல்கிறேன். 'பார்த்தீர்களா, ரேடியேஷனே வேண்டாம்' என்று கீழே வந்து யாரும் ஆரம்பிக்க வேண்டாம். நாளைக்கே மறுபடி வைக்கச் சொன்னாலும் போய்ப் படுப்பேன்.

எனக்கு எரிச்சலெல்லாம் இன்சூரன்ஸ்காரர்கள் மேல்தான். பயாப்ஸி செலவைக் கேட்டால், தோல் சம்பந்தப்பட்டதாம், 'அழகுச் சிகிச்சை' என்று தள்ளிவிட்டார்கள். பாதி மார்பை வெட்டிக் கொடுத்தவளுக்கு என்னய்யா அழகுச் சிகிச்சை? லேப் ரிப்போர்ட்டை இணைத்துத் திரும்ப அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் தனியாக எழுதுகிறேன்.