செக்ரோலில் மூன்று பக்கங்கள்

வாசகர் கடிதம்:

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். மாபெரும் ஒருங்கிணைப்பைப் பற்றிச் சென்ற மாதம் தாங்கள் எழுதிய கட்டுரையை, ஆறாம் படிவத்தில் படிக்கும் என் பேரன் உரக்கப் படித்துக் காட்டினான். நான் ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அறிவியல் படித்தவன் அல்லன். அடிப்படைத் துகள்கள் மூன்று தலைமுறைகளாக இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்: தாத்தா கப்பலேறி வந்தார், அப்பா பால்மரம் வெட்டினார், நான் ஆபீசில் உட்கார்ந்தேன். அதுபோல முதல் தலைமுறைத் துகள்களிலிருந்துதான் மற்ற இரண்டும் பிறந்தனவா? அந்த மூன்றையும் ஒன்றாக்குவதுதான் மாபெரும் ஒருங்கிணைப்பா? மூன்றுக்கு மேல் இருக்கவே முடியாது என்று இழைக் கோட்பாடு நிரூபித்துவிட்டதாகப் பேரன் யூடியூபில் பார்த்தானாம். உண்மைதானா?

அன்புடன்,
வாசகர் ஒருவர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்:

அன்புள்ள ஐயா,

வணக்கம். தங்களுடைய மூன்று கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்பதே என் பதில். முதலிரண்டு கேள்விகள் எழுந்ததற்குக் காரணம் நானே. ‘தலைமுறை’ என்ற சொல்லை எந்த விளக்கமும் தராமல் அக்கட்டுரையில் போட்டுவிட்டேன். தமிழில் அச்சொல்லைக் கேட்டவுடன் பாட்டன், தகப்பன், மகன் என்ற வரிசைதான் நினைவுக்கு வரும். துகள்களுக்கிடையே அப்படிப்பட்ட வம்ச உறவு எதுவும் கிடையாது. ‘குடும்பம்’ என்ற சொல்லே பொருத்தமானது. இனி அதையே எழுதுகிறேன்.

தாங்கள் எழுதிப் பழகிய செக்ரோலையே, அதாவது தோட்டத் தொழிலாளர் பதிவேட்டையே, எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தில் நான்கு பெயர்கள் இருக்கின்றன: மேல் குவார்க், கீழ் குவார்க், எலக்ட்ரான், நியூட்ரினோ. தங்கள் மேசையும், வாசலில் நிற்கும் செம்பனையும், நாமிருவரும் இந்த ஒரு பக்கத்தில் உள்ளவற்றாலேயே ஆனவர்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் அதே நான்கு வரிகள், அதே மின்னூட்டம், அதே விசைகள். எடைக் கட்டத்தில் உள்ள எண் மட்டும் வேறு. எலக்ட்ரான் இருந்த வரியில் இப்போது மியூவான் இருக்கிறது, அதன் நிறை எலக்ட்ரானைப் போல ஏறத்தாழ 207 மடங்கு. மூன்றாம் பக்கத்தில் அதே வரியில் இருக்கும் டௌ துகள் ஏறத்தாழ 3,477 மடங்கு. நான்காம் பக்கம் இல்லை. ஒரே ஆளை மூன்று பக்கங்களில் மூன்று எடையோடு பதிந்து வைத்த கிராணியை எந்தத் துரையும் சும்மா விடமாட்டார் அல்லவா? 1936-இல் ஆண்டர்சனும் நெட்டர்மையரும் காஸ்மிக் கதிர்களில் மியூவானைக் கண்டபோது இயற்பியலாளர்களுக்கும் அதே எரிச்சல்தான் ஏற்பட்டது. “இதை யார் ஆர்டர் கொடுத்தது?” என்று அவர்களுள் ஒருவரான ராபி கேட்டதாகச் சொல்வார்கள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பில் வரவில்லை.

பிறப்பைப் பற்றிக் கேட்டீர்கள். நிகழ்வது தாங்கள் நினைத்ததற்கு நேர்மாறானது. மியூவான் சராசரியாக ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் 2.2 பங்கு நேரமே வாழ்ந்து, எலக்ட்ரானாகவும் இரண்டு நியூட்ரினோக்களாகவும் சிதைகிறது. டௌ அதைவிடப் பல மடங்கு விரைவாகச் சிதைகிறது. கனத்த பக்கங்களில் உள்ளவை சிதைந்து சிதைந்து முதல் பக்கத்தில் வந்து முடிகின்றன. முதல் பக்கத்திலிருந்து மற்றவை பிறப்பதில்லை.

இனி ஒருங்கிணைப்புக்கு வருவோம். அது ஒன்றாக்குவது பக்கங்களை அல்ல, ஒரே பக்கத்துக்குள் இருக்கும் வரிகளை. குவார்க்குகள் அணுக்கருவைப் பிணைக்கும் வன்விசைக்குக் கட்டுப்பட்டவை, எலக்ட்ரானும் நியூட்ரினோவும் அதற்குக் கட்டுப்படாதவை. இவ்விரு சாதிகளும் ஒரே பொருளின் வெவ்வேறு நிலைகள் என்று 1974-இல் ஜார்ஜி, கிளாஷோ என்ற இரு இயற்பியலாளர்கள் முன்மொழிந்த எஸ்யு(5) கோட்பாடு சொல்கிறது. அதன் அழகுக்கு ஒரே ஒரு கணக்கைக் காட்டுகிறேன். அக்கோட்பாட்டில் மூன்று ‘நிறங்களில்’ (கண்ணுக்குத் தெரியும் நிறமல்ல, வன்விசைக்குரிய ஒருவகை ஊட்டம்) வரும் கீழ் எதிர்க்குவார்க்கும், அதாவது கீழ் குவார்க்குக்கு நேரெதிர் மின்னூட்டம் கொண்ட துகளும், எலக்ட்ரானும் நியூட்ரினோவும் சேர்ந்து ஐவர் கொண்ட ஒரு குழு. குழுவின் மொத்த மின்னூட்டம் பூச்சியமாகத்தான் இருந்தாக வேண்டும். எலக்ட்ரானுக்கு −1, நியூட்ரினோவுக்கு 0. எனவே மூன்று நிறங்களுக்கும் சேர்த்து +1 வர வேண்டும், அதாவது ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு. குவார்க்கின் மின்னூட்டம் ஏன் பின்னமாக இருக்கிறது, குவார்க்குகளாலான புரோட்டானின் மின்னூட்டம் ஏன் எலக்ட்ரானுடையதற்கு மிகச் சரியாக ஈடாக இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளும் இங்கே ஒரு கூட்டல் கணக்கில் தீர்ந்துவிடுகின்றன.

இதைவிட அழகானது, எஸ்யு(5)-ஐயும் உள்ளடக்கிய எஸ்ஓ(10) என்ற கோட்பாடு. தங்கள் பூசையறையில் ஐந்து முகக் குத்துவிளக்கு இருக்கும் என்று நம்புகிறேன். ஒவ்வொரு முகத்தையும் ஏற்றலாம், அல்லது ஏற்றாமல் விடலாம். மொத்தம் 32 வகை. ஏற்றிய முகங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தால் 16 வகை மிஞ்சும்: ஒன்றுமே ஏற்றாதது 1, இரண்டை ஏற்றியவை 10, நான்கை ஏற்றியவை 5. இப்போது ஒரு குடும்பத்தின் உறுப்பினர்களை எண்ணிப் பாருங்கள். மேல் குவார்க்குக்கு நிறம் மூன்று, துகள் சுழலும் திசையைப் பொறுத்து இடக்கை வலக்கை என இரண்டு, ஆக 6, கீழ் குவார்க்குக்கும் 6, எலக்ட்ரானுக்கு 2, நியூட்ரினோவில் நாம் கண்டது இடக்கை மட்டும், அது 1. கூட்டினால் 15. விளக்கின் மூன்று முகங்களை நிறத்துக்கும் இரண்டை மியூவான் போன்றவற்றைச் சிதைக்கும் மென்விசைக்கும் ஒதுக்கினால், இந்தப் பதினைந்தும் தத்தம் மின்னூட்டத்தோடு இரண்டு ஏற்றியவற்றிலும் நான்கு ஏற்றியவற்றிலும் சரியாக அமர்ந்துவிடுகின்றன. முழுதும் அணைந்து நிற்கும் பதினாறாவது விளக்கு, இதுவரை யாரும் காணாத வலக்கை நியூட்ரினோ. நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பது 1998-இல் ஜப்பானில் தெரிய வந்தபோது, அந்தக் காலியிடத்துக்கும் ஆள் இருக்கக்கூடும் என்ற நம்பிக்கை வலுத்தது.

ஆனால் இந்த விளக்கு ஒரு குடும்பத்துக்குத்தான். மூன்று குடும்பங்களுக்கு மூன்று விளக்குகளை வரிசையாக வைக்க வேண்டும். மூன்று ஏன் என்று எஸ்யு(5)-உம் சொல்வதில்லை, எஸ்ஓ(10)-உம் சொல்வதில்லை.

வரிகளை ஒன்றாக்கினால் ஒரு வரி இன்னொன்றாக மாறவும் கூடும். அப்படியானால் புரோட்டானும் என்றாவது ஒருநாள் சிதைய வேண்டும். அதைத் தேடிய முதல் இடங்களுள் ஒன்று கோலார் தங்கவயல் என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. இங்கே நம்மவர்கள் ரப்பருக்கு வந்ததுபோல அங்கே தங்கத்துக்குப் போன தமிழர்கள் தோண்டிய சுரங்கம் அது. அதன் ஆழத்திலும் ஒரு தென்னாப்பிரிக்கச் சுரங்கத்திலும்தான் 1965-இல், வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்கள் முதன்முதலாகப் பிடிபட்டன. 1980-களில் 2 கிலோமீட்டருக்கும் கீழே ஏறத்தாழ 140 டன் இரும்பை அடுக்கி வைத்துப் புரோட்டானின் சாவுக்காகக் காத்திருந்தார்கள். ஒரு சில தடயங்கள் கிடைத்ததாக அறிவிக்கப்பட்டாலும் பிற சோதனைகள் அவற்றை உறுதிப்படுத்தவில்லை. இன்று ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வுக்கூடம் 50,000 டன் தண்ணீரை வைத்துக் காத்திருக்கிறது. புரோட்டான் பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்), பையான் என்னும் இரு இலேசான துகள்களாகச் சிதைவதாக இருந்தால் அதன் ஆயுள் 2.4-ஐ 10-இன் 34-ஆம் அடுக்கால் பெருக்கிய ஆண்டுகளுக்கும் அதிகம் என்பது அதன் முடிவு. எளிய எஸ்யு(5) இத்தகைய தேடல்களால் முன்பே அடிபட்டுப் போயிற்று. எஸ்ஓ(10)-இன் சில வடிவங்கள் இன்னும் தாக்குப்பிடிக்கின்றன.

துகள்கள் யாவும் நுண்ணிய இழைகளின் அதிர்வுகளே என்னும் இழைக் கோட்பாடு வேறு திசையிலிருந்து வருகிறது. 1984-இல் கிரீனும் ஷ்வார்ட்ஸும் அதன் உள்முரண் ஒன்றைத் தீர்த்தார்கள். அடுத்த ஆண்டே ஈ8 என்னும் 248 பரிமாணச் சமச்சீர்மையை இரட்டையாகக் கொண்ட ஓர் இழைக் கோட்பாடு உருவாயிற்று. ஈ8-க்குள் ஈ6, அதற்குள் எஸ்ஓ(10), அதற்குள் எஸ்யு(5) என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் பொதிந்திருப்பதால், நமது பதினாறு நிலை விளக்கு யாரும் தேடாமலே கைக்கு வந்து சேர்கிறது. இக்கோட்பாட்டுக்கு வேண்டிய பரிமாணங்கள் 10; நாம் காண்பவை 4; எஞ்சிய 6 நம் கண்ணுக்கு எட்டாத அளவில் சுருண்டிருக்க வேண்டும். அவை காலாபி–யாவ் வெளிகள் என்னும் தனிவகை வடிவங்களாகச் சுருளலாம் என்று 1985-இல் கேண்டெலாஸ், ஹோரோவிட்ஸ், ஸ்ட்ரோமிங்கர், விட்டன் ஆகிய நால்வர் காட்டியபோதுதான், ‘ஏன் மூன்று?’ என்ற கேள்விக்கு முதன்முறையாக ஒரு முகவரி கிடைத்தது. அவர்கள் கண்ட எளிய அமைப்பில், சுருண்ட வெளியின் ஆய்லர் எண்ணில் (வடிவம் நெளிந்தாலும் மாறாத ஒரு முழு எண்) பாதியே, குறியை விட்டுவிட்டால், குடும்பங்களின் எண்ணிக்கை. விளக்கின் அமைப்பை ஈ8 தருகிறது. எத்தனை விளக்குகள் என்பதைச் சுருண்ட வெளியின் வடிவம் தருகிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தவுடன் முதலில் வந்தது சங்கடம். மிக எளிய காலாபி–யாவ் வெளியின் ஆய்லர் எண் −200, ஆகவே குடும்பங்கள் 100. அதன் சமச்சீர்மையைப் பயன்படுத்தி 25-ஆல் மடித்தால் −8, குடும்பங்கள் 4. தியானும் யாவும் அமைத்த இன்னொரு வெளியின் எண் −18. அதை மூன்றால் மடித்தால் −6, குடும்பங்கள் 3. நூறு, நான்கு, மூன்று: எல்லாமே கோட்பாட்டுக்குச் சம்மதம்.

இவற்றைக் கையில் எடுத்துக் காட்ட முடியாது. இன்னொரு வழியைக் காட்ட முடியும். 1990-களின் பிற்பாதியிலிருந்து வளர்ந்த அவ்வழியில், சுருண்ட வெளியைச் சுற்றி, இழைகளின் முனைகள் ஒட்டிக்கொள்ளும் படலங்கள் கிடக்கின்றன, இரு படலங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஓர் இழை முளையடித்து நிற்கிறது, அதுவே துகளாகத் தெரிகிறது. இதை எழுதுமுன் எங்கள் தெருமுனைச் சைக்கிள் கடையில் ஒரு பழைய டியூப்பை வாங்கி வந்து காற்றடித்துப் பார்த்தேன். வால்விலிருந்து தொடங்கி டியூப்பின் நீளத்தோடு ஒரு சுற்று சிவப்பு நூலை ஒட்டினேன். நீல நூலையும் அப்படியே ஒரு சுற்று நீளவாக்கில் கொண்டுபோனேன். ஆனால் போகிற போக்கில் டியூப்பின் உடலை மூன்று முறை சுற்றச் செய்தேன். இரண்டு நூல்களும் மூன்று இடங்களில் வெட்டிக்கொண்டன. சிவப்பு நூலை உட்பக்கம் தள்ளினாலும் மூன்றுதான், வெளிப்பக்கம் தள்ளினாலும் மூன்றுதான். நீல நூலைச் சற்றே இழுத்துச் சிவப்பின் மேல் ஒரு மடிப்பாகப் போட்டபோது ஐந்தாயிற்று. ஆனால் கூடுதலாக வந்த இரண்டில் ஒன்று இடமிருந்து வலம், மற்றது வலமிருந்து இடம், எனவே ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. கோட்பாட்டிலும் இதுவே நடக்கிறது: துகளும் அதன் ஆடி பிம்பமும் இணையாக வந்தால், இரண்டும் சேர்ந்து பெரும் நிறை பெற்று நம் பார்வையிலிருந்து மறைந்துவிடலாம். கழிக்க முடியாமல் மிஞ்சும் மூன்றுதான் குடும்பங்கள். நூலை அறுக்காமல் அந்த எண்ணை இரண்டரையாகவோ நான்காகவோ மாற்ற முடியாது.

எடைக் கட்டத்தின் புதிருக்கும் இவ்வழியில் ஒரு குறிப்புக் கிடைக்கிறது. மூன்று வெட்டுப்புள்ளிகளும் ஒரே வகையானவை. ஆனால் நிறையைத் தரும் ஹிக்ஸ் இருக்கும் புள்ளியிலிருந்து அவை வெவ்வேறு தூரத்தில் இருக்கலாம். துகளின் இடக்கை வடிவம், வலக்கை வடிவம், ஹிக்ஸ் ஆகிய மூன்றும் இருக்கும் புள்ளிகளுக்கு இடையிலுள்ள முக்கோணத்தின் பரப்பு கூடக் கூட, நிறை அடுக்குக்குறி விகிதத்தில் குறைகிறது. இயல்மடக்கை எண்ணான ஏறத்தாழ 2.718-இன் 5.3-ஆம் அடுக்கே 200-ஐத் தொட்டுவிடும். ஆகவே பரப்பில் ஒரு சிறு வேறுபாடு 207 மடங்கை உண்டாக்கப் போதுமானது. ஒரே ஆளுக்கு மூன்று எடை எப்படி என்பதற்கு நான் கேட்டவற்றுள் மனத்துக்கு மிகவும் ஒப்பும் விளக்கம் இதுதான். ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும்: இந்தப் படல வழியில், முன்னே வியந்த பதினாறு நிலை விளக்கு எளிதில் கிடைப்பதில்லை.

ஆகவே பேரன் பார்த்த காணொளி பாதியைத்தான் சொல்லியிருக்கிறது. ‘மூன்று’ என்பது இழைக் கோட்பாட்டில் ஒரு வடிவத்தின் எண், அது மடங்கினாலும் நெளிந்தாலும் மாறாதது. இதை ஒரு பெரிய முன்னேற்றமாகவே நான் கருதுகிறேன், ஏனெனில் அதற்குமுன் ‘ஏன் இரண்டரை இல்லை?’ என்று கேட்கக்கூட இயற்பியலில் இடமிருக்கவில்லை. ஆனால் இயற்கை ஏன் அந்த வடிவத்தைத் தேர்ந்தது என்பதைக் கோட்பாடு சொல்வதில்லை. மூன்று குடும்பங்களை மிகச் சரியாகத் தரும் அமைப்புகள் ஒருவகைக் கணக்கில் மட்டும் ஏறத்தாழ பத்துக் கோடி கோடி இருப்பதாக 2019-இல் ஓர் ஆய்வுக்குழு காட்டியது. அத்தனை சாவிகள் ஒரு பூட்டைத் திறக்குமானால், பூட்டுக்காரர் எதைச் செய்தார் என்று எப்படிச் சொல்வது?

நான்காம் பக்கம் இல்லை என்று நாம் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இழைக் கோட்பாடு அல்ல, அளவை. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1989 முதல், மென்விசையைச் சுமக்கும் இசட் துகளின் சிதைவை அளந்தபோது, குடும்பத்துக்கு ஒன்றாக வரும் இலேசான நியூட்ரினோ வகைகளின் எண்ணிக்கை 2.98, அதாவது ஏறத்தாழ மூன்று, என்று வந்தது. குறைந்தது மூன்று குடும்பங்கள் இருந்தால்தான் குவார்க்குகளின் கலப்பில் பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் இடையே வேறுபாடு எழ முடியும் என்று கோபயாஷியும் மஸ்காவாவும் 1973-இல், மூன்றாவது குடும்பம் கண்டுபிடிக்கப்படும் முன்னரே, காட்டியிருந்தார்கள். அதையே ‘ஏன் மூன்று’ என்பதற்கு விடையாகச் சிலர் சொல்வதுண்டு. மூன்றின் பயனைச் சொல்வது வேறு, காரணத்தைச் சொல்வது வேறு என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

பேரனிடம் ஒரு டியூப்பையும் இரண்டு நிற நூல்களையும் கொடுங்கள். சிவப்பு நூல் நீளவாக்கில் இரண்டு சுற்று, உடலைச் சுற்றி ஒரு சுற்று; நீலம் நீளவாக்கில் ஒரு சுற்று, உடலைச் சுற்றி இரண்டு. எத்தனை இடங்களில் வெட்டிக்கொள்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். அதற்கும் நான் செய்த சுற்றுக்கும் விடை ஒன்றே. அதே விடை தரும் மூன்றாவது சுற்றொன்றை அவராகவே கண்டுபிடித்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.